கம்ப்யூட்டருக்கும் காய்ச்சல் வரும்

உங்கள் வீட்டில் மிக்ஸி இருக்கிறதா? கிரைண்டர் பழுதாகிப்போன நாளில் உளுந்தை மிக்ஸியில் போட்டு அரைத்திருப்பீர்கள். மாவு கெட்டியாக இருக்கும். மிக்ஸி திணறும். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வரும். பிறகு சட்டென்று நின்றுவிடும். சுவிட்சைத் தட்டினாலும் ஓடாது.

விவரம் தெரிந்தவர்கள் பயப்பட மாட்டார்கள். மிக்ஸியை ஆறவிடுவார்கள். பிறகு அதைச் சாய்த்துப் பார்ப்பார்கள். அடியில் சிவப்பாக ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் மிக்ஸி மறுபடி ஓடும். மோட்டார் எரிந்துபோகாமல் காப்பதற்காக வைத்த பொத்தான் அது.

விவரம் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? "மிக்ஸி போய்விட்டது" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கடைக்காரர் நல்லவராக இருந்தால் பொத்தானை அமுக்கிக் கொடுத்துவிடுவார். இல்லையென்றால் மோட்டார் மாற்றியதாகக் காசு வாங்கிக்கொள்வார்.

கம்ப்யூட்டரிலும் இப்படித்தான். அதுவும் சூடாகிறது. சூடு மிஞ்சினால் தானே நின்றுவிடுகிறது. ஏன் நின்றது என்று தெரிந்தவருக்குக் காசு மிச்சம். தெரியாதவருக்குச் செலவு. ஆகவே கம்ப்யூட்டரின் சூட்டைப் பற்றி இந்தப் பாடத்தில் படிப்போம்.

சூடாவது எது?

மேசைக்கு அடியில் வைக்கும் பெட்டியை எல்லோரும் சி.பி.யு. என்கிறோம். கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார். உண்மையில் அந்தப் பெட்டி வெறும் கூடுதான். கூட்டுக்குள் பச்சையாக ஒரு பெரிய அட்டை இருக்கும். சில பெட்டிகளில் அது கறுப்பாக இருக்கும். அதன் பெயர் மதர்போர்டு. அதில் ஒரு சதுரச் சில்லு பொருத்தியிருக்கும். அந்தச் சில்லின் பெயர்தான் பிராசசர். சி.பி.யு. என்ற பெயர் அதற்கு உரியது. கணக்குப் போடுவது, கட்டளைகளைப் படித்து நடத்துவது எல்லாம் அதன் வேலை.

பிராசசர் தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். அதற்குள்ளே வேலை செய்யும் பகுதி இன்னும் சிறியது. கட்டைவிரல் நகம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகத்தளவு இடத்தில் கோடிக்கணக்கான நுண் சுவிட்சுகள் இருக்கின்றன. அவற்றை டிரான்சிஸ்டர் என்பார்கள். 1971இல் இன்டெல் கம்பெனி தன் முதல் பிராசசரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்தவை 2,300 டிரான்சிஸ்டர்கள். இன்றைய பிராசசர்களில் அவை நூற்றுக்கணக்கான கோடிகள்.

இந்தச் சுவிட்சுகள் மூடி மூடித் திறக்கின்றன. எவ்வளவு வேகமாக? பெட்டியின்மேல் 3 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால், ஒரு நொடிக்கு 300 கோடித் தாளம் என்று பொருள். ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் துளி மின்சாரம் செலவாகிறது. செலவான மின்சாரம் எங்கே போகும்? சூடாக மாறும்.

60 வாட் குண்டு பல்பை நினைத்துப் பாருங்கள். எரிந்துகொண்டிருக்கும்போது தொட முடியுமா? கை பொத்துவிடும். மேசைக் கம்ப்யூட்டர் பிராசசர்கள் பலவும் முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய அதே அளவு மின்சாரத்தைத் தின்கின்றன. சில அதற்கு மேலும் தின்கின்றன. பல்பின் சூடு ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை முழுவதும் பரவுகிறது. பிராசசரின் சூடோ ஒரு நகத்தளவு இடத்தில் குவிகிறது. யாராவது அந்தச் சூட்டை உடனுக்குடன் வாங்கி வெளியே தள்ள வேண்டும். இல்லையென்றால் பிராசசர் சில நொடிகூடத் தாங்காது.

சூடு வெளியேறும் வழி

பிராசசரின் தலைமேல் ஒரு உலோகக் கட்டி உட்கார்ந்திருக்கும். அலுமினியத்தால் ஆனது. சிலவற்றில் செம்பும் கலந்திருக்கும். சீப்பின் பற்கள் போல அதில் வரிசை வரிசையாகத் தகடுகள் இருக்கும். இதற்கு ஹீட் சிங்க் என்று பெயர். அதன்மேல் ஒரு சிறு மின்விசிறி சுற்றும். சூடு பிராசசரிலிருந்து தகடுகளுக்கு ஏறும். விசிறிக் காற்று அதை அடித்துக்கொண்டு போகும். பெட்டியின் பின்புறத்து விசிறி அந்தச் சூடான காற்றை அறைக்குள் தள்ளும்.

பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே ஒரு பசை தடவியிருப்பார்கள். பற்பசை மாதிரி இருக்கும். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். கடையில் தெர்மல் பேஸ்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். இது எதற்கு? அடி நெளிந்த பாத்திரத்தைத் தட்டையான கல்லின்மேல் வைத்துப் பாருங்கள். அங்கங்கேதான் படும். மற்ற இடத்தில் காற்று நிற்கும். காற்று சூட்டை எளிதில் கடத்தாது. உலோகப் பரப்பும் அப்படித்தான். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். ஆனால் நுண்ணிய மேடுபள்ளம் உண்டு. அந்தப் பள்ளங்களைப் பசை நிரப்புகிறது. வருடங்கள் போனால் பசை காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிரும். அப்போது சூடு ஏறும் வழி அடைபட்டுவிடும்.

ஹீட் சிங்க் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும்? 2001இல் ஒரு பரிசோதனை நடத்திப் படம் பிடித்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களில் ஹீட் சிங்கைக் கழற்றிப் பார்த்தார்கள். ஏ.எம்.டி. கம்பெனியின் அத்லான் பிராசசர் சில நொடிகளில் புகைந்து கருகியது. இன்டெல் கம்பெனியின் பென்டியம் 4 கருகவில்லை. அது தன் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு நகர்ந்தபடியே இருந்தது. சூடு கண்டால் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு அதற்குள் இருந்தது. இன்று எல்லாக் கம்பெனிப் பிராசசர்களிலும் இந்த ஏற்பாடு உண்டு.

எந்த டிகிரி?

"குழந்தைக்கு 102 டிகிரி காய்ச்சல்" என்கிறோம். "ஐதராபாத்தில் 42 டிகிரி வெயில்" என்று செய்தியில் சொல்கிறார்கள். அப்படியானால் வெயிலைவிடக் காய்ச்சல் இரண்டு மடங்குக்கும் மேலா?

இல்லை. இரண்டும் வேறு வேறு அளவு. முழத்துக்கும் மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் போல. காய்ச்சலைப் பாரன்ஹீட் அளவில் சொல்கிறோம். வெயிலை செல்சியஸ் அளவில் சொல்கிறோம். நம் உடம்பின் இயல்பான சூடு பாரன்ஹீட்டில் 98.6. அதுவே செல்சியஸில் 37. தண்ணீர் கொதிப்பது பாரன்ஹீட்டில் 212. செல்சியஸில் 100.

கம்ப்யூட்டரின் சூட்டை செல்சியஸில்தான் சொல்வார்கள். ஆகவே "பிராசசர் 100 டிகிரி" என்றால் லேசான காய்ச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். அது வெந்நீர் கொதிக்கும் சூடு.

இனி இந்தப் பாடத்தில் வருகிற டிகிரி எல்லாம் செல்சியஸ்தான்.

எதுவரை போகலாம்?

கம்ப்யூட்டர் வேலை இல்லாமல் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது பிராசசர் 35 முதல் 50 டிகிரி வரை இருக்கும். கடிதம் தட்டச்சு செய்கிறோம், கணக்கு எழுதுகிறோம் என்றால் 50, 60 என்று ஏறும். படம் எடிட் செய்வது, விளையாட்டு ஓட்டுவது எல்லாம் கடினமான வேலை. அப்போது 70க்கும் 85க்கும் நடுவே போகலாம். இதில் கவலை இல்லை. 90 டிகிரியில் நெடுநேரம் நின்றால் உள்ளே பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

இன்டெல்லின் இன்றைய பிராசசர்கள் பலவற்றுக்கு எல்லைக்கோடு 100 டிகிரி. ஏ.எம்.டி.யின் புதிய ரைசன் வகைகள் பலவற்றுக்கு 95. அந்தக் கோட்டைத் தொட்டதும் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோட்டைத் தாண்டியும் சூடு ஏறினால் மின்சாரத்தையே நிறுத்திவிடும். திரை கறுத்துவிடும். எழுதிச் சேமிக்காத வேலை போய்விடும்.

பழைய பிராசசர்களுக்கு இவ்வளவு தாங்கும் சக்தி கிடையாது. சிலவற்றுக்கு 70 டிகிரிதான் எல்லை. நம்மில் பலர் பழைய கம்ப்யூட்டரைத்தானே வாங்குகிறோம்! வாங்கும்போதே பிராசசரின் பெயரையும் எண்ணையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்து அதன் எல்லையைக் கண்டுபிடிக்கலாம்.

சூட்டை எப்படிப் பார்ப்பது? கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டியதில்லை. தெர்மாமீட்டரும் வேண்டாம். பிராசசருக்குள்ளேயே சூட்டை அளக்கும் கருவி இருக்கிறது. கம்ப்யூட்டரை இயக்கியதும் 'டெலீட்' அல்லது 'எஃப் 2' விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் என்ற திரை வரும். சில கம்பெனிகளில் வேறு விசை இருக்கும். அந்தத் திரையில் பெரும்பாலும் சி.பி.யு. சூடு எத்தனை டிகிரி என்று எழுதியிருக்கும். விசிறி ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதும் இருக்கும். அங்கே வேறு எதையும் மாற்றாமல் படித்துவிட்டு வெளியே வாருங்கள். வேலை நடக்கும்போதே சூட்டைக் காட்டும் இலவச மென்பொருள்களும் உண்டு. வீட்டில் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் போட்டுத் தருவார்கள்.

அறையின் சூடும் சேரும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம். நிதானமாகப் படியுங்கள்.

ஹீட் சிங்கும் விசிறியும் ஏ.சி. அல்ல. அவை குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறைக் காற்றை எடுத்து வீசுகின்றன. அவ்வளவுதான். ஆகவே அவற்றால் பிராசசரை அறையைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறை எவ்வளவு சூடோ, அதன்மேல்தான் பிராசசரின் சொந்தச் சூடு ஏறி உட்காரும்.

ஒரு கணக்குப் போடுவோம். தை மாதம். அறையில் 25 டிகிரி. ஒரு வேலை செய்யும்போது பிராசசர் 67 டிகிரி. வித்தியாசம் 42. இந்த 42 பிராசசரின் சொந்தச் சூடு. அதே கம்ப்யூட்டர், அதே வேலை. சித்திரை வந்தது. அறையில் 40 டிகிரி. பிராசசர் எவ்வளவு? 40ஐயும் 42ஐயும் கூட்டுங்கள். ஏறக்குறைய 82. கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை. வெயில்தான் ஏறியிருக்கிறது.

இந்தக் கணக்கு உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு ஊருக்குப் போவோம். ஐதராபாத் நகரின் வடமேற்கில் குகட்பள்ளி இருக்கிறது. அங்கே வீட்டு வசதி வாரியம் கட்டிய பெரிய காலனி உண்டு. கே.பி.எச்.பி. காலனி என்பார்கள். ஜவகர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அங்கேதான். 1998இல் பக்கத்து மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்டது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. வேலை தேடி வந்த பிள்ளைகள் குகட்பள்ளி விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கினார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

ஐதராபாத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. நம் ஊரில் கத்திரி முடிகிற சமயத்தில் அங்கே ரோகிணி கார்த்தி தொடங்கும். அப்போது கல் உரல்கூட வெடிக்கும் என்பது தெலுங்கு மக்களின் பேச்சு. மொட்டை மாடியில் சிமெண்டு ரேக்குப் போட்ட அறைகளில் இருப்பவர்களைக் கேட்டால் அதைப் பேச்சு என்று சொல்ல மாட்டார்கள். ரேக்கு அறை பகல் முழுவதும் வெயிலை வாங்கிக் கீழே இறக்கும்.

அப்படி ஒரு ரேக்கு அறையில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அம்மா தையல் தைக்கிறார். மகள் பட்டப்படிப்பு முடித்தவள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தவணையில் வாங்கி, வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்கிறாள். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. சமையல், தையல், தூக்கம், கம்ப்யூட்டர் எல்லாம் அந்த ஓர் அறையில்தான்.

மே மாதம் கம்ப்யூட்டர் மெதுவாகிறது. மதியம் இரண்டு மணி ஆனால் அணைந்துவிடுகிறது. இரவில் ஒழுங்காக ஓடுகிறது. நாளைக்குள் அறுபது பக்கம் கொடுக்க வேண்டும். கடைக்குத் தூக்கிப் போகிறார்கள். "பிராசசர் போய்விட்டது. மதர்போர்டும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்பதாயிரம் ஆகும்" என்கிறார் கடைக்காரர். இரண்டு மாதத் தையல் காசு அது. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. தெருக்கோடியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டுகிறார். அவர் தெலுங்கில் பேசியதைத் தமிழில் தருகிறோம்.

"இரவில் ஓடுகிறதா அம்மா?"

"ஓடுகிறது அண்ணா. பகலில்தான் நிற்கிறது."

"உயிர் போனது எதுவும் இரவில் மட்டும் எழுந்து உட்காராது. வாருங்கள், திறந்து பார்ப்போம்."

திறந்தார்கள். ஹீட் சிங்க் கண்ணில் படவே இல்லை. அதன்மேல் கம்பளிப் போர்வை மாதிரி ஒரு படலம்! நூல் பிசிறு, துணித் துகள், தூசி எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. தையல் மிஷினுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் இருந்தது. வெட்டிய துணியிலிருந்து பறந்ததை விசிறி இழுத்துக்கொண்டது. தாளிக்கும்போது எழுந்த எண்ணெய்ப் புகை அதன்மேல் பசை போலப் படிந்தது. பசை இருந்தால் தூசி ஊதினாலும் போகாது அல்லவா?

மெக்கானிக் தூரிகையால் சுத்தம் செய்தார். காய்ந்த பேஸ்டைத் துடைத்தெடுத்தார். புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைத்தார். கூலியோடு 350 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இப்போது நம் கணக்கை மறுபடி போடுங்கள். தூசி அடைத்ததால் 42 ஆக இருந்த சொந்தச் சூடு 60 ஆகிவிட்டது என்று கொள்வோம். தை மாதத்தில் 25ம் 60ம் 85. கம்ப்யூட்டர் ஓடிவிடும். யாருக்கும் தெரியாது. மே மாத மதியத்தில் ரேக்கு அறையில் 40ம் 60ம் 100. எல்லைக்கோடு! தூசி தையிலேயே சேர்ந்துவிட்டது. வெயில்தான் அதைக் காட்டிக்கொடுத்தது. பகலில் நிற்கிற கம்ப்யூட்டர் இரவில் ஏன் ஓடுகிறது என்பதும் இதில் விளங்கிவிடும்.

தூசியும் செருப்பும்

உங்களில் சிலர் கம்ப்யூட்டர் சென்டரில் பெருக்கித் துடைக்கும் வேலை செய்திருக்கலாம். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அறை என்றால் கோவில் கருவறை மாதிரி. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கதவைத் திறந்தால் ஏ.சி. குளிர் முகத்தில் அடிக்கும். ஐதராபாத்தில் ஈ.சி.ஐ.எல். என்ற அரசு நிறுவனம் 1967இல் தொடங்கப்பட்டது. 1970களில் அங்கே டி.டி.சி. 312, டி.டி.சி. 316 என்ற கம்ப்யூட்டர்களைச் செய்தார்கள். பீரோ அளவு இயந்திரங்கள் அவை. அந்தக் காலத்து இயந்திரங்களுக்குக் குளிரும் சுத்தமும் கட்டாயம் தேவைப்பட்டன. செருப்பைக் கழற்றச் சொன்னதைச் சிலர் வீண் பகட்டு என்று சிரித்தார்கள். அதில் பகட்டும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் தூசியைப் பற்றிய பயம் நியாயமானதுதான்.

இன்று கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்துவிட்டது. ஏ.சி. வரவில்லை. செருப்பும் கழற்றுவதில்லை. அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பின்புறம் சூடான காற்று போக இடம் வேண்டும். தரையில் வைத்தால் பெருக்கும் தூசி எல்லாம் உள்ளே போகும். ஒரு சிறு பலகைமேல் வைப்பது நல்லது. ஓடும்போது அழகுத் துணி போர்த்தாதீர்கள். நம் வீடுகளில் இது ஒரு பழக்கம். டிவிக்குத் துணி, மிக்ஸிக்குத் துணி, கம்ப்யூட்டருக்கும் துணி! அணைத்து, ஆறிய பிறகு போர்த்திக்கொள்ளுங்கள். அடுப்புக்கும் தையல் மிஷினுக்கும் எட்டவே வையுங்கள். ஊதுவத்தி, சாம்பிராணிப் புகையும் படியும். சாமி படத்துக்கு அடியில் பெட்டியை வைக்க வேண்டாம்.

"மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். அவசரத்துக்கு ஒரு நாள் செய்யலாம். அதையே பழக்கமாக்கினால் தூசி இன்னும் வேகமாகச் சேரும். பல்லியும் நுழையும். மின்சாரம் ஓடும் அட்டைமேல் பல்லி நடந்தால் பல்லிக்கும் நல்லதல்ல, அட்டைக்கும் நல்லதல்ல. குழந்தைகள் உள்ள வீட்டில் மூடி திறந்த பெட்டி கூடவே கூடாது. ஏர் கூலர் இருந்தால் அறையைக் குளிர்விக்க வையுங்கள். அதன் வாய்க்கு நேர் எதிரே கம்ப்யூட்டர் இருக்கக் கூடாது. நீர்த்துளி பறந்து வரும். ஈரத்துணி, ஐஸ் இவற்றைப் பெட்டிமேல் வைக்கவே கூடாது.

கூரைக்கும் வைத்தியம் உண்டு. ரேக்குமேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அறைச் சூடு சில டிகிரி குறையும். தெலங்கானா அரசு 2023இல் 'குளிர் கூரை' என்று ஒரு கொள்கையே வெளியிட்டது. கூரையில் குறைகிற டிகிரி கம்ப்யூட்டருக்கும் குறையும். அதற்கு முன் அறையில் இருக்கிற மனிதர்களுக்குக் குறையும்!

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து தூசி தட்டுங்கள். கோடைக்கு முன், மாசி மாதத்தில் ஒரு தடவை கட்டாயம். செய்யும் முறையைக் கவனியுங்கள். கம்ப்யூட்டரை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு இயக்கும் பொத்தானை ஒரு தடவை அமுக்குங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் இரும்பைக் கையால் தொடுங்கள். நைலான் புடவை கட்டியிருக்கும்போது சட்டென்று ஷாக் அடிக்கும் அல்லவா? அந்த மின்சாரம் உங்கள் உடம்பிலிருந்து இறங்க இது வழி. விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரம் வேண்டாம். ஹீட் சிங்கை நீங்களாகக் கழற்ற வேண்டாம். கழற்றினால் பேஸ்ட் மாற்றாமல் திரும்ப மாட்டக் கூடாது. அது மெக்கானிக் வேலை. பெட்டியின் பின்புறம் மின்சாரக் கம்பி செருகும் இடத்தில் உள்ளே ஒரு சிறு இரும்புப் பெட்டி இருக்கும். அதை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

பெரிய இடத்திலும் இதுதான்

இது ரேக்கு அறைக்காரர் பாடு மட்டும் என்று நினைக்க வேண்டாம். லண்டன் குளிர் ஊர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. அந்த நாட்டில் அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுதான் முதல் தடவை. லண்டனில் கைஸ், செயின்ட் தாமஸ் என்ற இரண்டு பெரிய மருத்துவமனைகள் ஒரே நிர்வாகத்தில் இயங்குகின்றன. அவற்றின் கம்ப்யூட்டர்கள் இரண்டு அறைத்தொகுதிகளில் இருந்தன. ஒன்று கெட்டால் மற்றது உதவும் என்று இரண்டு இடம். அன்றைய வெயிலில் குளிர்விக்கும் இயந்திரங்கள் ஈடுகொடுக்கவில்லை. ஒரே நாளில் இரண்டு இடமும் நின்றுபோயின.

நோயாளியின் பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டன. டாக்டர்களும் நர்சுகளும் காகிதத்தில் கையால் எழுதத் தொடங்கினார்கள். சிகிச்சைகளைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. எல்லாம் பழையபடி சீராக வாரக்கணக்கில் ஆயிற்று. கூகுள், ஆரக்கிள் கம்பெனிகளுக்கும் அதே நாளில் லண்டனில் இதே தொல்லை.

கையிலும் ஒரு பிராசசர்

"எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை" என்கிறீர்களா? போன் இருக்கிறதே! டச் போனுக்குள்ளும் பிராசசர்தான் வேலை செய்கிறது. அதற்கு விசிறி கிடையாது. போனின் முதுகு வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். அந்த முதுகைத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போட்டால் சூடு எங்கே போகும்?

போனில் இன்னொரு விஷயமும் உண்டு. பிராசசர் 80 டிகிரியைத் தாங்கும். பக்கத்திலேயே இருக்கும் பேட்டரி அதைத் தாங்காது. சூட்டில் கிடந்தால் பேட்டரி சீக்கிரம் கெடும். சில நேரம் உப்பும். ஆப்பிள் கம்பெனி தன் போன்களை 35 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. நம் ஊர்க் கோடையில் நிழலில்கூட அதைத் தாண்டும். ஆகவே ஆட்டோவின் முன்கண்ணாடி ஓரம், வண்டியின் டேங்க் கவர், ஜன்னல் விளிம்பு இங்கெல்லாம் வெயிலில் போனை விட வேண்டாம். சூடாகிவிட்டால் உறையைக் கழற்றி, நிழலில் வைத்து ஆறவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். திடீர்க் குளிரில் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். பேட்டரி உப்பி முதுகு தூக்கிய போனுக்குச் சார்ஜ் போடக் கூடாது. அமுக்கவோ குத்தவோ கூடாது. அது தீப்பிடிக்கும்.

லேப்டாப்பும் இப்படித்தான். அதற்கு விசிறி உண்டு. ஆனால் பலவற்றில் காற்று இழுக்கும் ஓட்டை அடிப்பக்கம் இருக்கும். மெத்தைமேல் வைத்தால் ஓட்டை அடைபடும். ஒரு பலகையோ பெரிய தாம்பாளமோ அடியில் வைத்தால் போதும்.

எழுதிப் பாருங்கள்

ஓர் அறையில் 26 டிகிரி. பிராசசர் 62 டிகிரி. பிராசசரின் சொந்தச் சூடு எவ்வளவு? அதே வேலையை 41 டிகிரி அறையில் செய்தால் பிராசசர் ஏறக்குறைய எத்தனை டிகிரி ஆகும்?

"என் மகனுக்கு 101 டிகிரி. என் கம்ப்யூட்டருக்கும் 101 டிகிரி." இரண்டும் ஒன்றா? உங்கள் சொந்த வார்த்தையில் மூன்று வரி எழுதுங்கள்.

நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். தேதி, அறைச் சூடு, பிராசசர் சூடு. வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ கம்ப்யூட்டர் இருந்தால் வாரம் ஒரு தடவை பார்த்துக் குறித்து வாருங்கள். எந்த மாதத்தில் வித்தியாசம் கூடத் தொடங்குகிறது என்று கவனியுங்கள்.

உங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஊருக்குப் போயிருக்கிறார். அவருடைய மகன் லேப்டாப்பைக் கட்டிலில் போட்டபடியே சார்ஜ் செய்கிறான். பார்த்ததையும் செய்ய வேண்டியதையும் அந்த அக்காவுக்கு ஐந்து வரிக் கடிதமாக எழுதுங்கள்.